அக்கரைக்குப் போகக் கட்டணம்

ஆற்றின் மேல் ஒரு பாலம் வருகிறது. அல்லது ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வருகிறது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் அதில் போகும் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? எவ்வளவு கொடுப்பது? எத்தனை ஆண்டுகள் கொடுப்பது?

இந்தக் கேள்விகளைக் கொச்சி நகரத்து மக்கள் கேட்டார்கள். மட்டாஞ்சேரிப் பாலத்துக்காகக் கேட்டார்கள். இனி வரப்போவதாகச் சொல்லப்படும் சுரங்கப்பாதைக்கும் அதே கேள்விகள் பொருந்தும். அந்தக் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

தண்ணீர் சூழ்ந்த ஊர்

கொச்சி கேரளத்தில் உள்ள துறைமுக நகரம். அங்கே நிலத்தை விடத் தண்ணீர் அதிகமோ என்று தோன்றும். ஒரு பக்கம் அரபிக் கடல். மறு பக்கம் காயல். காயல் என்றால் கடலோடு சேர்ந்த உப்பங்கழி.

காயலுக்குக் கிழக்கே எர்ணாகுளம் இருக்கிறது. அலுவலகங்கள், பெரிய மருத்துவமனைகள், ரயில் நிலையம் எல்லாம் அங்கே. மேற்கே மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் உள்ளன. இவை பழைய ஊர்கள். மிளகு, சுக்கு, ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போனவை. நடுவில் வெலிங்டன் தீவு. இது காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். துறைமுகத்தையும் தீவையும் அமைக்கும் வேலை அவர் தலைமையில் நடந்தது.

மட்டாஞ்சேரிப் பகுதியில் பல ஊர்க்காரர்கள், பல மொழி பேசுபவர்கள் வாழ்கிறார்கள். தமிழர்களும் இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் உள்ள சலவைத் துறையில் துணி வெளுக்கும் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்கள். பல தலைமுறைக்கு முன் வந்தவர்கள்.

இந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்கு வேலை ஒரு கரையில். வீடு ஒரு கரையில். பள்ளிக்கூடம் ஒரு கரையில். ஆஸ்பத்திரி மறு கரையில். அக்கரைக்குப் போகாமல் ஒரு நாளும் கழியாது. அதனால்தான் பாலம் என்றால் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

பழைய பாலமும் புதிய பாலமும்

மட்டாஞ்சேரிப் பக்கத்தையும் வெலிங்டன் தீவையும் இணைக்க ஒரு பழைய பாலம் உண்டு. அது தோப்பும்படியில் இருக்கிறது. நாடு விடுதலை அடைவதற்கு முன்பே கட்டியது. அந்தப் பாலத்தின் நடுப் பகுதியை அந்தக் காலத்தில் மேலே தூக்க முடிந்தது. தூக்கியதும் படகுகள் அடியில் போயின. பிறகு இறக்கி வைத்தார்கள்.

காலம் போனது. வண்டிகள் பெருகின. பழைய பாலம் குறுகலாக இருந்தது. வலுவும் குறைந்தது. புதிய பாலம் தேவைப்பட்டது. அதற்குப் பணம் வேண்டும்.

அரசு ஒரு வழி கண்டது. 1999 அக்டோபரில் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத்தில் கேரள அரசு, கொச்சிப் பெருநகர வளர்ச்சி ஆணையம், ஒரு தனியார் நிறுவனம் ஆகிய மூவரும் இருந்தார்கள். நிறுவனம் தன் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டும். பிறகு வண்டிகளிடம் சுங்கக் கட்டணம் வாங்கும். குறித்த காலம் முடிந்ததும் பாலத்தை அரசிடம் கொடுத்துவிடும். இந்த முறைக்குக் "கட்டு, நடத்து, ஒப்படை" என்று பெயர். ஆங்கிலத்தில் சுருக்கமாக பி.ஓ.டி. என்பார்கள். அதனால் மக்கள் அந்தப் பாலத்தை பி.ஓ.டி. பாலம் என்றே அழைத்தார்கள்.

ஒப்பந்தத்தில் குறித்த காலம் 13 ஆண்டு 9 மாதம். பாலம் கட்டும் காலமும் அதில் அடங்கும். 2001-ல் பாலம் திறந்தது. சுங்கச் சாவடியும் திறந்தது.

மக்கள் ஏன் எதிர்த்தார்கள்?

புதிய பாலம் அகலமானது. வண்டிகள் விரைவாகப் போயின. இந்த நன்மையை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் எதிர்ப்பு எழுந்தது. அதற்குக் காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், வேறு வழி இல்லாமல் போனது. பழைய பாலத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் அதில் பெரிய வண்டிகள் போகத் தடை வந்தது. பழைய பாலம் பலவீனமாகிவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. இலவச வழி அடைபட்டது. கட்டண வழி மட்டும் திறந்திருந்தது. "விரும்பியவர் காசு கொடுத்துப் போகலாம் என்பது வேறு. வேறு வழியில்லாமல் கொடுப்பது வேறு" என்றார்கள் மக்கள்.

இரண்டாவது காரணம், தினமும் போகும் உள்ளூர்க்காரர்களின் சுமை. ஊர் சுற்றிப் பார்க்க வருபவர் ஆண்டுக்கு ஒரு முறை காசு கொடுப்பார். உள்ளூர் வண்டிக்காரர் தினமும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், வரி. "வண்டிக்குச் சாலை வரி கட்டுகிறோம். பெட்ரோலுக்கு வரி கட்டுகிறோம். பிறகு பாலத்துக்கும் ஏன்?" என்று கேட்டார்கள்.

நான்காவது காரணம், கணக்கு தெரியாதது. "பாலம் கட்ட எவ்வளவு செலவானது? இதுவரை எவ்வளவு வசூலானது? இன்னும் எவ்வளவு பாக்கி?" இந்தக் கணக்கு சாவடியில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பது நியாயம்தானே?

கட்டணம் நின்ற நாள்

ஆண்டுகள் ஓடின. அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பிணக்கு வந்தது. கட்டணத்தை உயர்த்துவதில் பிணக்கு. அதற்கு ஈடாகக் காலத்தை நீட்டித் தர வேண்டும் என்பதில் பிணக்கு. ஒரு கட்டத்தில் அரசு ஆறு ஆண்டு நீட்டிக்க ஒப்புக்கொண்டது. பின்னர் அந்த முடிவை அரசே திரும்பப் பெற்றது.

மக்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "காலம் முடிந்ததும் சாவடியை எடுக்க வேண்டும். ஒரு நாள் கூட நீட்டக் கூடாது" என்று கோரினார்கள். 2014 ஏப்ரல் 27-ல் முதலில் குறித்த காலம் முடிந்தது. சுங்க வசூல் நின்றது. தங்களுக்கு இன்னும் பணம் வர வேண்டும் என்று நிறுவனம் அதன் பிறகும் வழக்காடியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு முடிவு நாள் இருந்தது. அந்த நாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மக்கள் போராட முடிந்தது. முடிவு நாள் இல்லாத ஒப்பந்தமாக இருந்தால் எதைக் காட்டிக் கேட்பது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒருவர் மட்டாஞ்சேரியில் சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிளகு மூட்டை, சுக்கு மூட்டை ஏற்றுகிறார். ஒரு முறை பாலம் கடக்கக் கட்டணம் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகை.

போக 10 ரூபாய். வர 10 ரூபாய். மொத்தம் 20 ரூபாய்.
நாளைக்கு இரண்டு நடை. 20 x 2 = 40 ரூபாய்.
மாதம் 25 நாள் வேலை. 40 x 25 = 1,000 ரூபாய்.
13 ஆண்டு 9 மாதம் என்றால் 165 மாதம்.
1,000 x 165 = 1,65,000 ரூபாய்.

பத்து ரூபாய்தானே என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால் ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்குகிறது. இந்தப் பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? வண்டி வாடகையைக் கூட்டுவார். வாடகை கூடினால் சரக்கின் விலை கூடும். கடைசியில் கடையில் மிளகு வாங்கும் அம்மாவும் பாலத்துக்குக் காசு கொடுக்கிறார். அவர் பாலத்தில் ஒரு முறை கூடப் போயிருக்க மாட்டார்.

இனி வரும் சுரங்கப்பாதை

மட்டாஞ்சேரிக்கு வடக்கே ஃபோர்ட் கொச்சி. அதற்கு எதிரே, தண்ணீருக்கு அப்பால், வைப்பின் தீவு. இரண்டுக்கும் நடுவில்தான் கடல் முகத்துவாரம். கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும் வாசல் அது. ஒரு கரையில் நின்றால் மறு கரையில் நடப்பவர்கள் தெரிவார்கள். ஆனால் சாலை வழியாகப் போனால் எர்ணாகுளத்தைச் சுற்றிக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் போல ஆகும்.

2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தன. அவை வைப்பினை எர்ணாகுளத்தோடு இணைத்தன. ஃபோர்ட் கொச்சிக்கு நேராகப் போக அப்போதும் படகுதான். வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகை அங்கே ஜங்கார் என்பார்கள். 2018 முதல் ரோ-ரோ என்ற புதுவகை ஜங்கார் ஓடுகிறது. அதை மாநகராட்சி கொண்டுவந்தது. ஒரு படகு பழுதானால் கரையில் வண்டி வரிசை நீண்டுவிடும்.

படகில் ஆபத்தும் உண்டு. 2015 ஆகஸ்ட் 26-ல் ஃபோர்ட் கொச்சித் துறைக்கு அருகில் பயணிகள் படகு மீது மீன்பிடிப் படகு மோதியது. 11 பேர் இறந்தார்கள். ஆகவே பாதுகாப்பான வழி வேண்டும் என்று மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பாலம் கட்டக் கூடாதா? கட்டலாம். ஆனால் பெரிய கப்பல்கள் அடியில் போக வேண்டும். அதற்குப் பாலம் மிக உயரமாக இருக்க வேண்டும். உயரமான பாலத்துக்கு இரு கரையிலும் நீண்ட ஏற்றச் சாலை வேண்டும். நெருக்கமான ஊரில் அதற்கு நிலம் எங்கே?

அதனால் நீருக்கு அடியில் சுரங்கப்பாதை அமைக்கலாம் என்ற திட்டம் வந்தது. கேரளக் கடலோர நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாக இது சொல்லப்படுகிறது. கே-ரெயில் எனப்படும் கேரள ரயில் வளர்ச்சிக் கழகம் இந்தத் திட்டத்தைத் தயாரித்தது. நீளம் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர். போவதற்கு ஒரு குழாய், வருவதற்கு ஒரு குழாய். செலவு சுமார் 2,672 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 2025-ல், இதைக் கட்ட விரும்பும் நிறுவனங்கள் முன்வரலாம் என்று அழைப்பு விடப்பட்டது. செலவை மீட்கச் சுங்கக் கட்டணம் வாங்கலாம் என்ற பேச்சும் வந்தது.

ஆற்றுக்கு அடியில் பாதை அமைக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். முடியும். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2024 மார்ச் 6-ல் அது திறக்கப்பட்டது.

ஒரு மையத்தில் நடக்கும் பேச்சு

மட்டாஞ்சேரியில் ஒரு வளர்கல்வி மையம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். மாலையில் சிலர் கூடியிருக்கிறார்கள். செய்தித்தாளில் சுரங்கப்பாதைச் செய்தியைப் படிக்கிறார்கள். பேச்சு இப்படிப் போகலாம்.

சலவைத் தொழிலாளி: சுரங்கம் வந்தா நல்லதுதானே தம்பி! மழைக்காலத்துல படகுக்காக எவ்வளவு நேரம் நிக்கிறோம்.

ஆட்டோ ஓட்டுநர்: நல்லதுதான் அண்ணே. ஆனா ஒரு தடவைக்கு அம்பது ரூபாய்னு வச்சா? சவாரிக்காரங்க கொடுப்பாங்களா? நான் கைக்காசு போடணுமா?

மீன் விற்கும் பெண்: நான் கூடையோட நடந்து போறவ. சுரங்கத்துல நடந்து போக விடுவாங்களா? அதைக் கேளுங்க முதல்ல. சுரங்கம் வந்ததும் ஜங்காரை நிறுத்திட்டா என் கதி என்ன?

சலவைத் தொழிலாளி: ஆமாம், அது யோசிக்க வேண்டிய விஷயம். பழைய பாலத்துல நடந்தது மாதிரி ஆயிடக் கூடாது.

ஆட்டோ ஓட்டுநர்: சுரங்கத்து வாசல் எங்கே வரும்? யார் வீடு போகும்? ஃபோர்ட் கொச்சித் தெரு எல்லாம் குறுகல். அத்தனை லாரியும் அங்கே வந்து ஏறினா என்ன ஆகும்?

மைய ஊக்குநர்: இதெல்லாம் நல்ல கேள்விகள். எதிர்ப்பு என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கேள்வியாக எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மீன் விற்கும் பெண்: அப்ப எழுதுவோம் டீச்சரே. நான் முதல் கேள்வி சொல்றேன்.

லண்டனிலும் இதே கேள்வி

நம் ஊரில் மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்து நாட்டின் தலைநகரம் லண்டன். அங்கே தேம்ஸ் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அடியில் பிளாக்வால் என்ற பழைய சுரங்கப்பாதை உண்டு. 1897-ல் திறந்தது. நூறு ஆண்டுக்கு மேலாக அதில் கட்டணம் இல்லை.

2025 ஏப்ரல் 7-ல் பக்கத்திலேயே சில்வர்டவுன் என்ற புதிய சுரங்கப்பாதை திறந்தது. அதில் கட்டணம் உண்டு. அதே நாளில் பழைய சுரங்கத்திலும் கட்டணம் வந்துவிட்டது. எல்லா வண்டிகளும் இலவசப் பாதையில் நெரிந்துவிடக் கூடாது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள்.

உள்ளூர் மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். "லாரிகள் கூடும். காற்று கெடும். ஏழைகள் ஆற்றைக் கடக்கவே காசு கொடுக்க வேண்டிவரும்" என்றார்கள். சுரங்கம் நிற்கவில்லை. ஆனால் சில சலுகைகள் கிடைத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டணம் இல்லை. அந்தப் பகுதியில் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பாதிக் கட்டணம். மிதிவண்டியோடு ஆற்றைக் கடக்க ஒரு பேருந்து விட்டார்கள். முதல் ஆண்டு அதில் கட்டணம் வாங்கவில்லை.

மட்டாஞ்சேரியில் பழைய பாலம் அடைபட்டது. லண்டனில் பழைய சுரங்கத்துக்கும் விலை வைத்தார்கள். இரண்டு இடத்திலும் இலவச வழி சுருங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீராத கடன்

இப்போது நம் நாட்டின் தலைநகரத்துக்கு வருவோம். தில்லியையும் நொய்டாவையும் இணைக்கும் ஒரு பெரிய பாலச் சாலை யமுனை ஆற்றின் மேல் உள்ளது. 2001-ல் திறந்தது. இதுவும் தனியார் நிறுவனம் கட்டிக் கட்டணம் வாங்கிய சாலைதான்.

அதன் ஒப்பந்தத்தில் ஒரு கணக்கு இருந்தது. நிறுவனம் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் லாபம் உறுதி. ஓர் ஆண்டில் அந்த லாபம் கிடைக்காவிட்டால், குறைந்த தொகை மொத்தச் செலவோடு சேர்ந்துவிடும். அடுத்த ஆண்டு அதற்கும் 20 சதவீதம்.

இதைச் சிறு கணக்காகப் பார்ப்போம்.

கடன் 100 ரூபாய். ஆண்டு வட்டி 20 ரூபாய். ஆக 120 ரூபாய். நாம் 15 ரூபாய் கட்டுகிறோம். பாக்கி 105 ரூபாய்.
இரண்டாம் ஆண்டு 105 ரூபாய்க்கு வட்டி 21 ரூபாய். ஆக 126 ரூபாய். 15 ரூபாய் கட்டுகிறோம். பாக்கி 111 ரூபாய்.
மூன்றாம் ஆண்டு 111 ரூபாய்க்கு வட்டி சுமார் 22 ரூபாய். ஆக 133 ரூபாய். 15 ரூபாய் கட்டுகிறோம். பாக்கி 118 ரூபாய்.

மூன்று ஆண்டில் 45 ரூபாய் கட்டிவிட்டோம். ஆனால் 100 ரூபாய்க் கடன் 118 ரூபாய் ஆகிவிட்டது! கந்து வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்ட குடும்பம் இதை நன்றாக அறியும்.

நொய்டாவில் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012-ல் வழக்குப் போட்டது. 2016 அக்டோபர் 26-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கட்டணத்தை நிறுத்தியது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நீதி கிடைத்தது. ஆனால் வழக்குப் போட்டதில் இருந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தக் கணக்கு எழுதப்பட்ட நாளில் யாராவது படித்துக் கேட்டிருந்தால்?

காசு கொடுத்தால் சேவை வேண்டும்

கேரளத்தில் இன்னோர் உதாரணம் உண்டு. எர்ணாகுளத்தில் இருந்து திருச்சூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில் பாலியேக்கரை என்ற ஊர் இருக்கிறது. அங்கே 2012 முதல் சுங்கச் சாவடி உண்டு. எதிர்ப்பும் அப்போது முதலே உண்டு.

பின்னர் அந்தச் சாலையில் புதிய வேலைகள் நடந்தன. பல இடங்களில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. 2025 ஆகஸ்ட் 6-ல் கேரள உயர் நீதிமன்றம் சுங்க வசூலை நிறுத்தி வைத்தது. போகத் தகுந்த சாலை இல்லாமல் கட்டணம் கேட்க முடியாது என்பதே அதன் கருத்து. உச்ச நீதிமன்றமும் அதே மாதம் 19-ல் அதை ஏற்றது. சாலையைச் சரிசெய்த பிறகு அக்டோபரில் வசூல் மீண்டும் தொடங்க நீதிமன்றம் அனுமதித்தது.

கட்டணம் என்பது சேவைக்குக் கொடுக்கும் விலை. சேவை இல்லை என்றால் விலை கேட்க உரிமை இல்லை. இந்த வழக்கு காட்டும் நீதி இது.

மறுபக்கமும் பார்ப்போம்

கட்டணம் வாங்குவது எப்போதும் தவறா? அப்படிச் சொல்ல முடியாது. பாலத்துக்குச் செலவு உண்டு. அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். அரசு வரிப் பணத்தில் கட்டினால், பாலத்தைப் பார்க்காத மலைக் கிராமத்துக்காரரும் அதற்குப் பணம் கொடுக்கிறார். பயன்படுத்துபவர் கொடுக்கட்டும் என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

வேறு வழிகளும் உண்டு. கோஸ்ரீ பாலங்களுக்குக் காயலில் ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பினார்கள். அந்த நிலத்தை விற்றுப் பணம் திரட்டினார்கள். ஆனால் காயல் சுருங்கினால் மீனும் குறையும். மழை நீர் வடிய இடமும் குறையும். எந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆன பிறகு மாற்றுவது கடினம். வழக்கு, நஷ்டஈடு, ஆண்டுக்கணக்கில் அலைச்சல். ஆகவே முன்னதாகவே கேட்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு.

1. மொத்தச் செலவு எவ்வளவு? அதில் அரசு போடுவது எவ்வளவு?
2. கட்டணம் எந்தத் தேதியில் முடியும்? போட்ட பணம் முன்னதாகவே வந்துவிட்டால் நிறுத்துவார்களா?
3. இலவச வழி அல்லது குறைந்த கட்டண வழி தொடர்ந்து இருக்குமா? பழைய பாலம், படகு, ஜங்கார் எல்லாம் ஓடுமா?
4. உள்ளூர் மக்கள், ஆட்டோ, பேருந்து, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்குச் சலுகை என்ன?
5. கட்டணத்தை உயர்த்துவது யார்? எந்தக் கணக்கில் உயர்த்துவார்கள்?
6. யாருடைய நிலம் போகும்? அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஆறாவது கேள்விக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு நடத்தச் சொல்கிறது. மக்கள் கருத்தைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டம் என்றால், பொதுவாகப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும். சில வகைத் திட்டங்கள் வேறு சட்டத்தின் கீழ் வரும். எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறார்கள் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. இந்தச் சட்டப்படி எந்தக் குடிமகனும் அரசு அலுவலகத்தில் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

தமிழ்நாட்டில் தமிழில் எழுதலாம். கேரளத்தில் மலையாளத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள அதிகாரி உதவ வேண்டும். இதையும் சட்டமே சொல்கிறது.

எழுதிப் பழகுவோம்

உங்கள் ஊரில் சுங்கச் சாவடி இருக்கிறதா? கீழே உள்ள விண்ணப்பத்தைப் பார்த்து உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

அனுப்புநர்: ..........
பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், .......... அலுவலகம்
பொருள்: சுங்கக் கட்டணம் பற்றிய தகவல் கேட்டல்

ஐயா / அம்மா,
தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் படி கீழ்க்கண்ட தகவல்களைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
1. .......... பாலத்துக்கான ஒப்பந்தத்தின் நகல்.
2. பாலம் கட்ட ஆன மொத்தச் செலவு.
3. இன்று வரை வசூலான சுங்கக் கட்டணம்.
4. கட்டண வசூல் முடியும் தேதி.
விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய் செலுத்தியுள்ளேன்.
தேதி: ..........
கையொப்பம்: ..........

முடிவாக

1990 பிப்ரவரி 4-ல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதல் மாவட்டம் அதுதான். மட்டாஞ்சேரி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே கையெழுத்துப் போடக் கற்றவர்கள் பல்லாயிரம் பேர். ஒப்பந்தத்தில் மற்றவர் போடும் கையெழுத்தையும் படித்துப் பார்க்க வேண்டிய காலம் இது. பாலமும் சுரங்கமும் வரட்டும். அவை எந்த விலையில் வருகின்றன என்பதை, காசு கொடுக்கப் போகிறவர்கள் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

சுங்கக் கட்டணம் - சாலை, பாலம், சுரங்கப்பாதை ஆகியவற்றில் போகக் கொடுக்கும் காசு, டோல்
ஒப்பந்தம் - இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்வது
முகத்துவாரம் - ஆறும் காயலும் கடலில் சேரும் இடம்
பிணக்கு - தகராறு, கருத்து வேறுபாடு
நஷ்டஈடு - இழப்புக்குக் கொடுக்கும் பணம்
நகல் - மூலத்தைப் பார்த்து எடுத்த படி

விடை சொல்லுங்கள்

1. மட்டாஞ்சேரிப் புதிய பாலத்துக்கு ஒப்பந்தம் போட்டது எந்த ஆண்டு? கட்டணம் நின்றது எந்த நாள்?
2. மக்கள் எதிர்த்ததற்குக் காரணங்கள் என்ன? நான்கையும் சொல்லுங்கள்.
3. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே பாலத்துக்குப் பதில் சுரங்கம் ஏன் என்று சொல்கிறார்கள்?
4. லண்டனில் உள்ளூர் மக்களுக்குக் கிடைத்த சலுகைகள் யாவை?

கணக்கு

ஒரு பள்ளி வேன் தினமும் இரண்டு முறை பாலம் கடக்கிறது. ஒரு முறைக்குக் கட்டணம் 15 ரூபாய். மாதம் 22 நாள் பள்ளி. மாதச் செலவு எவ்வளவு? வேனில் 12 பிள்ளைகள் போகிறார்கள். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கூடுதல் கட்டணம் வரும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் அக்கரைக்குப் போக என்ன வழி? அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? கட்டணம் இருந்தால் அது எந்த நாளில் முடியும்? விசாரித்து வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.